டிரைவர் வாங்கிப்போன பாட்டில்

ஆஸ்பத்திரி லாண்டரியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவளுக்கு அருவருப்பே மரத்துப்போயிருக்கும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. ரத்தமும் சீழும் வாந்தியும் அப்பிய போர்வைகளை உதறிப் பிரித்து, கறையைப் பார்த்தே இது இன்னது என்று சொல்லிவிடுவாள் லாண்டரியக்கா. எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்த வேலையில் அவள் முகம் சுளித்ததே கிடையாது. வீட்டுக்கு வந்து புருஷன் முகத்தைப் பார்த்தால்தான் குமட்டும்.

புருஷன் ஒரு கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்கு டிரைவர். ஆள் வாட்டசாட்டம். ஆனால் ஆஸ்பத்திரி என்று பேச்சை எடுத்தால் போதும், குழந்தை மாதிரி நடுங்குவார். அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார்.

"வியாதி பாட்டுக்கு எங்கியோ சுத்திக்கிட்டு இருக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டுல நம்ம பேர எழுதுனா, ஓகோ, இவன் வீடு இதுதானான்னு நேரா வந்து உக்காந்துக்கும்."

பல்வலி வந்தபோது பல் டாக்டரிடம் தம்பி பெயரைச் சொல்லிப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த மனுஷன் அவர். அந்தப் பல் தன் கணக்கில் போனது தம்பிக்கு இன்றுவரை தெரியாது.

கம்பெனியிலோ டிரைவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீர் கொடுத்தாக வேண்டும். அன்றைக்கு விடிந்ததும் சின்ன பாட்டிலை நீட்டிக்கொண்டு குளியலறை வாசலில் வந்து நிற்பார்.

"ச்சீ! வெக்கமா இல்ல உங்களுக்கு? பொண்டாட்டிகிட்ட கேக்கற பொருளா இது?"

"உனக்கென்னடி, நாத்தத்துலயே நிக்கிறவ. இரும்பு உடம்பு. உன்னுதுன்னா கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கலாம்."

கண்றாவி என்னவென்றால், அதை அவளும் நம்பினாள். ஊர்ப்பட்ட நோயெல்லாம் தன் கை வழியாகப் போகிறது, ஒன்றும் ஒட்டவில்லை, இனிமேலா ஒட்டப்போகிறது என்று ஒரு தெனாவட்டு. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். நீராவியில் நிற்பதால் தாகம் என்றாள். பாதம் மரத்தது, நின்றே கிடப்பதால் என்றாள். பரிசோதனைக்கூடம் லாண்டரியிலிருந்து நாலு எட்டு வைத்தால் வந்துவிடும். பதினெட்டு வருஷத்தில் அங்கே அவள் எட்டிப் பார்த்தது அழுக்குக் கோட்டுகளைத் துவைக்க எடுத்துவர மட்டும்தான். அதனால் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள். சூடு ஆறினால் டாக்டர் கண்டுபிடித்துவிடுவார் என்று அவர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஓட்டிப் போவார். அதை நினைத்தால் அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது.

மூன்று வருஷம் இப்படி. நாலாவது வருஷம், "இனிமே உன்னுது வேணாம், எங்க பஸ் கிளீனர் தரேன்னுட்டான்" என்றார். விட்டது சனியன் என்று இருந்தாள்.

ஆனால் வேறொரு சனியன் பிடித்தது. தினமும் காலையில் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு. அவரே அரைத்து, அவரே வடிகட்டி, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

"உடம்புக்கு நல்லதுன்னா நீங்களும் குடிக்கலாமே?"

"எனக்கு எதுக்கு? நான் நல்லாத்தான் இருக்கேன்."

அவள் ஓங்கரித்தால் உடனே டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டு ஆற்றிக் கொடுப்பார். "கசப்பு உள்ள போயிடுச்சில்ல, இனி இனிப்பு ஒண்ணும் பண்ணாது. ரெண்டும் சண்ட போட்டுச் செத்துடும்."

ஒருநாள் போர்வையிலிருந்து விழுந்த ஊக்கு அவளுடைய செருப்புக்குள் போய்க் காலில் ஏறியது. குத்தியதே தெரியவில்லை. சாயங்காலம் செருப்பு பிசுபிசுத்தபோதுதான் பார்த்தாள். கட்டுப் போட்டால் அழுகும், காற்றாட விடு என்றார் டிரைவர். விட்டாள். மூன்றாவது வாரம் லாண்டரியில் ஒரு நாற்றம் வந்தது. மூட்டையில்தான் ஏதோ என்று இரண்டு தடவை பிரித்துப் பார்த்தாள். எல்லாம் வெளுத்துக் காய்ந்த துணி. குனிந்தபோது தெரிந்தது, நாற்றம் அவள் காலிலிருந்து வருகிறது.

வார்டில் நர்ஸம்மா கேட்டார்: "சுகர் இருக்கா?"

"எனக்கா? இந்த உடம்புக்கா?"

விரலில் குத்திப் பார்த்த நர்ஸம்மாவுக்குக் கண் விரிந்தது. "நேத்து வந்ததில்லக்கா இது. வருஷக்கணக்கா இருந்திருக்கு. யாருமே சொல்லலியா?"

இரண்டு கால்விரலை எடுக்க வேண்டும், தாமதித்தால் பாதமே போய்விடும் என்றார் டாக்டர். டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். பல் பிடுங்கிவந்த அன்றைக்குத் தம்பியைப் பார்க்காமல் நின்ற அதே பார்வை.

"என்னங்க? என்ன தெரியும் உங்களுக்கு?"

"மூணாவது வருஷம் குடுத்தோம்ல... சுகர்னு எழுதிட்டாங்க. மாத்திரைகூடக் குடுத்தாங்க."

"அது என்னுதாச்சே!"

"அதான்."

"மாத்திரை எங்க?"

"சாக்கடைல போட்டுட்டேன். எம் பேர்லதானே இருந்துச்சு. உங்கிட்ட சொன்னா உனக்கு வந்து ஒட்டிக்குமேன்னுதான்..." அவள் பக்கம் திரும்பினார். "அதுக்குத்தானே தெனமும் சாறு புழிஞ்சு குடுத்தேன்?"

இரண்டு வருஷத்துக் கசப்பும் ஒன்றாகத் தொண்டைக்கு ஏறியது. கட்டிலுக்கு அடியிலிருந்த பேஸினை இழுத்து வாந்தி எடுத்தாள். பாசமாம்! பாழாய்ப்போன பாசம். அவரை நினைத்துக் குமட்டியது. இரும்பு உடம்பு என்று இளித்துக்கொண்டு பாட்டிலை நிரப்பிய தன்னை நினைத்து அதைவிடக் குமட்டியது.

இரண்டு விரல் போனது. எட்டாம் நாள் டிரைவர் வந்தார். ஷூவை வார்டு வாசலில் கழற்றிவிட்டு, சாக்ஸோடு நடந்து வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சட்டைக்குள்ளிருந்து எதையோ எடுத்தார். சின்ன பாட்டில்.

"கிளீனர வேற ரூட்டுக்கு மாத்திட்டாங்க. நாளைக்கு டெஸ்ட். இப்பத்தான் உனக்கு மருந்து ஏத்தறாங்களே, சுத்தமா வரும். கொஞ்சூண்டு..."

கையில் அகப்பட்ட டம்ளரை வீசினாள். அவர் குனிந்து தப்பித்து, பாட்டிலைப் பொத்திக்கொண்டு, "கத்தாத, கத்தாத" என்று வாசலைப் பார்த்து விரைந்தார்.

ஒழியட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். அவர் இடது காலை இழுத்து இழுத்து வைத்தார். சாக்ஸின் குதிகாலில், பெரிய பொத்தான் அளவுக்கு, மஞ்சளாக ஊறி ஓரம் கறுத்த ஒரு வட்டம். அந்தக் கறையைப் பதினெட்டு வருஷமாகத் துவைத்தவள் அவள்.

கட்டுப்போட்ட காலைக் கீழே ஊன்றிவிட்டாள். உச்சிவரை வலித்தது.

"நர்ஸம்மா! அந்த ஆள விடாதீங்க! சீட்டுல அவர் பேரையே எழுதுங்க!" என்று வார்டு அதிரக் கத்தினாள்.