ஜாயிண்ட் ஆறும்வரை

ஒரகடம் பக்கத்தில் பூமிக்கடியில் முதன்முதலாகக் கேஸ் குழாய் போட்டவன் நான்தான். நம்பாதீர்கள், பொய். போட்டவர் அப்பா. குழாய்மேல் ஆடு ஏறாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் என் வேலை, ஆடும் ஏறியது. இதோ, சுங்குவார்சத்திரம் ரோட்டோரக் குழியில் நான் ஒட்டிய குழாய் ஜாயிண்ட் ஒன்று ஆறிக்கொண்டிருக்கிறது. குழிக்குள் என் கையாள் பையன், என் கையில் டீ. அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றொன்றில் எனக்கு எட்டு வயது. அம்மா போய்ச் சேர்ந்து சில மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. வீட்டில் தனியாக விடப் பயந்து, அப்பா என்னையும் வேலைக்குக் கூட்டிப்போனார். புதிதாக எழும்பிய ஒரு கம்பெனி. சுற்றிலும் பொட்டல், விளையாட ஒரு பிள்ளை கிடையாது. சிமெண்ட் மூட்டைகளுக்குப் பெயர் வைத்துப் பேசிப் பார்த்தேன். ஒன்றும் பதில் சொல்லவில்லை. அப்பாவும் ஏறக்குறைய அப்படித்தான். குழிக்குள் இறங்கிவிட்டால் அவர் முதுகுதான் தெரியும்.

பிளாஸ்டிக் குழாய்களை இணைக்கும் மூட்டுகள் வெளிநாட்டுப் பெட்டியில் வந்தன, கூடவே படம் போட்ட தாளும். அந்தத் தாளில் உள்ளபடிதான் செய்யவேண்டும் என்பது அங்கே சட்டம். குழாய் முனையைச் சுரண்டி, துடைத்து, மூட்டில் செருகி, கிளாம்பு போட்டுக் கரண்ட் கொடுத்தால் உள்ளே உருகி ஒட்டும். ஆறும்வரை கிளாம்பைக் கழற்றக்கூடாது, அசைக்கக்கூடாது. அசைந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. மண்ணைப் போட்டு மூடியபின் கேஸ் கசியும்.

ஆகவே ஜாயிண்டுக்குக் காவலாக அப்பா மேலே வந்து உட்காருவார். நான் காத்திருந்தது அதற்குத்தான். என் தலையை மடியில் போட்டுக்கொண்டு வேர்க்கடலை உரிப்பார். பாதி எனக்கு, மீதிப் பாதியும் எனக்கு.

இன்னும் ஆறவில்லையா என்று கேட்டால், போய்த் தொட்டுவிட்டு, சுட்டதுபோல விரலை உதறுவார்.

"உள்ள கொதிக்குதுடா."

வெயில் சாயும்வரை கொதிக்கும். ஒருநாள் நானும் திருட்டுத்தனமாகத் தொட்டுப் பார்த்தேன். பானைத் தண்ணீர்போல ஜில்லென்றிருந்தது. எனக்குத்தான் கையில் சொரணை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒருநாள் சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"இன்னாய்யா, அடைகாக்கறியா?"

"ஆறாம கழட்டக்கூடாதுன்னு பேப்பர்ல போட்டுக்குது சார்."

"டீ குடிக்கற நேரந்தான் போட்டுக்குது. நீ மத்தியானத்துலருந்து குந்திக்கினு கீற."

அப்பா என்னைப் பார்த்தார். மறுநாள் ஜாயிண்ட் வேலை வேறொருவருக்குப் போனது; அப்பாவிடம் கடப்பாரை வந்தது. பள்ளம் தோண்டுகிறவருக்கு உட்கார ஏது நேரம்? நான் மறுபடியும் மூட்டைகளோடு பேசினேன்.

சூப்பர்வைசருக்குப் படிக்கத் தெரியாது என்று முடிவுகட்டினேன், எனக்கென்னவோ தெரிந்ததுபோல. அவசரக்காரர்கள் ஒட்டிய இடமெல்லாம் கசியப்போகிறது, அப்பாவைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று மண்ணில் மூக்கை வைத்து மோந்துகொண்டே அலைந்தேன். ஆட்டுப் புழுக்கை வாசனைதான் வந்தது.

இப்போது நானே பிட்டர். குறைவாக ஆறவிட்டால்தான் கெடுதல், கூடுதலாக ஆறவிட்டால் ஒன்றும் இல்லை. அப்பா எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அவர் இருந்தபோதே ஒருநாள் கேட்டிருக்கலாம், அத்தனை நேரம் எதற்காக...

"அண்ணே, டீ குடிச்சாச்சா? ஜாயிண்ட் ஆறிடுச்சு, கிளாம்பு கழட்ட வா."