வென்டல் அத்தானின் போர்ப்புகை

என் அக்கா கணவர் வென்டல் ராணுவத்தில் சேரப் போனபோது, தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு ஓஹையோவில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டியே ஓய்வு பெற்றார். ஆனால் அவர் நடத்தாத போர் கிடையாது. எல்லாம் வீட்டுக்கு அடியிலுள்ள பேஸ்மென்ட் அறையில், பழைய பிங்பாங் மேசைமேல்.

விரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, நிஜப் போர்க்களம் என்று நம்பும்படி புகைப்படம் எடுப்பார். உலகப்போரில் பெல்ஜியத்தில் நடந்த பனிக்காலச் சண்டைதான் அவருக்கு உயிர். பனிக்கு மைதா, சேற்றுக்குக் காப்பிச் சக்கை. சிப்பாய்கள் விழாமல் நிற்கக் காலடியில் ஒட்டியிருக்கும் தட்டை மைதாவுக்குள் புதைத்துவிடுவார். அது துளி வெளியே தெரிந்தாலும் அந்தப் படத்தையே அழித்துவிடுவார். மேசைமேல் தாடையை வைத்து, கேமராவைச் சிப்பாயின் கண் மட்டத்துக்கு இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். அவர் மூச்சு விட்டால் பெல்ஜியத்தில் பனிப்புயல் அடிக்கும் என்று நான் கேலி செய்வேன். கோபமே வராது. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அக்கா லொரேனுக்கும் பிடிக்கும், ஒரு நிபந்தனையோடு. எங்கள் அப்பா சிகரெட்டால் நுரையீரல் கெட்டுச் செத்தவர். அத்தானும் விடாமல் பிடித்தவர்தான். அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது, இனி சிகரெட்டை வாயில் வைப்பதில்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சத்தியம் வாங்கினாள். மீறினால் பெட்டியோடு எங்கள் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். அவள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை.

போன தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று, அக்கா வீட்டு விருந்தில் வான்கோழியை வாயில் வைத்ததும் எங்கள் முகம் கோணியது. கறி முழுக்கச் சிகரெட் வாடை. அக்கா எழுந்து போய், கோழி வேகும்போது அதன் சாற்றை உறிஞ்சி மேலே பீய்ச்சுகிற, ரப்பர்க் குமிழ் வைத்த குழாயை எடுத்து மோந்து பார்த்தாள்.

"வென்டல், திரும்ப ஆரம்பிச்சிட்டியா?"

"சத்தியமா இல்லம்மா. அது... பீரங்கிக்கு. கழுவித்தான் வெச்சேன்."

"பீரங்கி சிகரெட் பிடிக்குதாக்கும்!" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா மாடிக்குப் போய்ப் பெட்டியோடு இறங்கி வந்தாள். அத்தான் வாசலை மறிக்கவில்லை.

"ஒரே ஒரு தடவை கீழ வந்து பாரு. அப்புறமும் போகணும்னா நானே வண்டியில கொண்டு விடுறேன்."

மூவரும் பேஸ்மென்ட்டுக்கு இறங்கினோம். அத்தான் ஒரு சிகரெட்டைக் குழாயின் நுனியில் செருகி, குமிழை அழுத்திப் பிடித்து, அக்காவைத் தீக்குச்சி காட்டச் சொன்னார். குமிழை விட்டதும் புகையைக் குழாய் உள்ளே இழுத்துக்கொண்டது. சிகரெட்டை எடுத்துவிட்டு, கவிழ்ந்து கிடந்த பொம்மை டாங்கிக்குப் பின்னால் குழாயைப் பீய்ச்சினார். சாம்பல் நிறத்தில் புகை பனிமேல் ஊர்ந்து வந்தது. குண்டு விழப்போகிறது என்று நானே குனிந்துவிட்டேன்.

அக்கா புகையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். கையை எட்ட நீட்டி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, உதட்டை இறுக்கி மூடி, மூச்சடக்கி நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மைதா பறக்காமல் இருக்கத்தான் அவர் மூச்சைப் பிடிக்கிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"இன்னும் ஆசை இருக்கா?" என்று கேட்டாள் அக்கா.

"தினமும்."

"அப்புறம் எதுக்குய்யா இந்தக் கருமம்? பஞ்சை வெச்சு எடுக்கவேண்டியதுதானே?"

"பஞ்சு பஞ்சாத்தான் தெரியுது, லொரேன்."

அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். அவர் கையிலிருந்து குழாயைப் பிடுங்கினாள்.

"கேமராவைத் தூக்கிட்டு அந்த மூலைக்குப் போ. அங்கேர்ந்து எடு. இனிமே புகை என் வேலை. நாளைக்கு என் சமையலுக்குப் புதுக் குழாய் ஒண்ணு வாங்கிட்டு வா. இப்ப மூச்சு விடு, செத்துக்கித்துப் போயிடாதே!"

அன்று எடுத்த படம் அவர்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பனி, டாங்கி, ஓடும் சிப்பாய்கள், அவர்கள்மேல் படரும் புகை. இடது ஓரத்தில், மைதாப் பனிக்கு நடுவே, நகத்தில் சிவப்புச் சாயம் பூசிய அக்காவின் கட்டைவிரல் பளிச்சென்று தெரிகிறது. அத்தான் அந்தப் படத்தை அழிக்கவில்லை.