கோலமாவில் ஒரு வீடு

எங்கள் வீட்டுக்குச் சுவர் எழும்புவதற்குப் பல வருடங்கள் முன்பே நாங்கள் அதில் குடியேறிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

மற்ற நாட்களில் ஆவடியில், அப்பா வேலை பார்த்த பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். தென்காசிப் பக்கமிருந்து வந்த நாங்களும் தர்மபுரியிலிருந்து வந்த எதிர் வீட்டுக்காரர்களும் ஒரே அளவு வீட்டில், ஒரே மஞ்சள் சுவருக்குள் வாழ்ந்தோம். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். ஓய்வு பெறுகிற அன்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதனால் அங்கே இரண்டு ஆண்கள் சந்தித்துக்கொண்டால் சம்பளத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். எல்லார் சம்பளமும் எல்லாருக்கும் தெரியும். மனையைப் பற்றித்தான் பேசுவார்கள். மனை வாங்கியவர் நடக்கிற நடையே வேறு.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயதானபோது அப்பாவுக்கும் அந்த நடை வந்தது. மனை விற்கிறவர்கள் எங்களை வேனில் பாரிவாக்கத்துக்குக் கூட்டிப்போய், புளிசாதமும் மோரும் கொடுத்து, வெட்டவெளியில் இறக்கிவிட்டார்கள். கூட வந்த ஆள், அந்த மூலையிலிருந்து ஆறாவது மனை என்று கைகாட்டிவிட்டு அடுத்தவருக்கு மோர் ஊற்றப் போய்விட்டார். அப்பா மூலையிலிருந்து எண்ணிக்கொண்டே போய் ஆறாவதில் நின்றார். பிறகு பத்திரம் பதிவானது. அம்மாவின் சங்கிலி அதில் போய், கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியது. இந்த நிலத்தை விட்டால் கடைசியில் நமக்குப் போக்கிடம் கிடையாது என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் பயமும் பெருமையும் சேர்ந்தே இருக்கும்.

அதன் பிறகு எல்லா ஞாயிறும் மொபெட்டில் பாரிவாக்கம்தான். முன்னால் நான், பின்னால் மடியில் எலுமிச்சை சாதத் தூக்கோடும் தண்ணீர் கேனோடும் அம்மா. போனதும் அம்மா ஒரு டப்பாவிலிருந்து கோலமாவை எடுத்துத் தரையில் வீட்டை வரைவாள். இது ஹால், இது அடுப்படி, இது சாமி அறை, இது பாப்பாவுக்கு. அவள் கை இழுத்த கோடு நூல் பிடித்ததுபோல் நேராக விழும். குவார்ட்டர்ஸ் அடுப்படியில் இரண்டு பேர் நிற்க முடியாது என்பதால் இங்கே அடுப்படியை அவள் தாராளமாக வரைந்துகொள்வாள். ஹால் குறுகுகிறதே என்று அப்பா முனகுவார். அம்மா தண்ணீர் எடுக்கத் திரும்புகிற நேரம் பார்த்து, காலால் ஒரு கோட்டை அழித்து ஹாலைக் கொஞ்சம் அடுப்படிப் பக்கம் தள்ளிவிடுவார். அம்மா திரும்பி வந்து பழைய இடத்திலேயே மறுபடி இழுப்பாள்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வாசல் வழியாகத்தான் வர வேண்டும், வாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு தடவை வெட்டுக்கிளியைத் துரத்திக்கொண்டு நான் ஹால் சுவரைத் தாண்டி ஓடிவிட்டேன். அப்பா என்னைத் திரும்பக் கூப்பிட்டு, சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வரச் சொன்னார். சிரிக்காமல்தான் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஒரு வீடு நிஜமாகவே அங்கே நிற்கிறது, அப்பாவுக்கு மட்டும் அது முழுசாகத் தெரிகிறது என்று அப்போது நம்பினேன். தலைக்கு மேலே எங்களுக்கே எங்களுக்கென்று இருந்த அவ்வளவு பெரிய வானத்தை அண்ணாந்து பார்த்து மலைத்துப்போய் உட்கார்ந்திருப்பேன்.

வாசலுக்குப் பக்கத்தில் அப்பா ஒரு தென்னம்பிள்ளை வைத்தார். அதைச் சுற்றி மண்ணை அணைத்து அணைத்து, மூலையில் நட்டிருந்த எல்லைக்கல்லே மண்ணுக்குள் போய்விட்டது. பக்கத்து மனை ஒரு பள்ளம். மழை பெய்தால் மாசக்கணக்கில் தண்ணீர் நிற்கும், கோரை முளைக்கும், தவளை கத்தும். எங்கள் மனையில் பிடுங்கிய களையையும் வெட்டிய முள்ளையும் அப்பா அந்தப் பள்ளத்தில்தான் வீசுவார். "எந்தப் புண்ணியவான் ஏமாந்து இத வாங்கினானோ" என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். யாரோ ஒருவர் ஏமாந்திருக்கிறார், அது நாமில்லை என்பதில் எங்களுக்கு அப்படி ஒரு நிம்மதி.

இப்படி இரண்டு மூன்று வருடம் ஓடியது. தென்னை என் உயரத்தைத் தாண்டியது. ஒரு ஞாயிறு நாங்கள் சாப்பிட உட்காரும்போது ஒரு பழைய வேன் வந்து நின்றது. அதிலிருந்து பாய் ஒருவரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். பூந்தமல்லியில் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருக்கிறவர் என்று பிறகு தெரிந்தது. அவர் சட்டைக் கையில் அன்றைக்கும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் கையில் அடுக்குத் தூக்கு, கக்கத்தில் சுருட்டிய கோரைப்பாய்.

அவர் வரிசையாக மனைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் தென்னைக்குப் பக்கத்தில் நின்றார். செருப்பு நுனியால் மண்ணைத் தள்ளி, உள்ளே இருந்த கல்லைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, கோலமாவு வீட்டைப் பார்த்தார். அடுப்படியில் அம்மா, சாமி அறையில் நாலு செங்கலுக்கு நடுவே ஒரு விளக்கு, என் அறையில் தட்டோடு நான். எங்களை இப்படி ஒருவர் நிதானமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

யாராவது வந்து வீட்டைப் பார்க்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவர் அப்பா. எழுந்து கை கூப்பினார்.

"வாங்க பாய், வாங்க. வெயில்ல ஏன் நிக்கீங்க, உள்ள வாங்க."

கூரையே இல்லாத வீடு. வெளியே அடித்த அதே வெயில்தான் உள்ளேயும் அடித்தது. அந்த அம்மாள் கணவரின் முகத்தைப் பார்த்தார். பாய் கோட்டுக்கு வெளியிலேயே நின்று செருப்பைக் கழற்றினார்.

"வாசல் எந்தப் பக்கம் கீது சார்?"

அவருக்கும் வீடு தெரிகிறது! நான் ஓடிப்போய் வாசலைக் காட்டினேன். இருவரும் சுற்றிக்கொண்டு வந்து, ஒருவர் பின் ஒருவராக வாசல் வழியாக நுழைந்தார்கள். அந்த அம்மாள் நிலை இருக்கும் இடத்தில் தலையைக்கூடக் கொஞ்சம் குனிந்துகொண்டார்.

அப்பா வீடு முழுவதும் சுற்றிக் காட்டினார். அவர்களும் எந்தச் சுவரையும் மிதிக்காமல் கூடவே நடந்தார்கள். அடுப்படி நல்ல பெருசா இருக்கு என்று அந்த அம்மாள் சொன்னதும் அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கொண்டுவந்த பாயை எங்கள் பாயோடு சேர்த்து விரித்து, தூக்கைத் திறந்தார்கள். குஸ்காவும் தால்ச்சாவும். எலுமிச்சை சாதத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நான் குஸ்காவில் இறங்கிவிட்டேன். விருந்துக்கு வருகிறவர்கள் பாயும் சாப்பாடும் கையோடு கொண்டுவருவது எவ்வளவு பெரிய மனசு என்று வியந்துகொண்டே சாப்பிட்டேன்.

சாப்பிடும்போது அப்பா கேட்டார், உங்கள் மனை எது என்று. பாய் கையைப் பொதுவாக அந்தப் பக்கம் வீசி, இங்கேதான் என்றார். கை போன திசையில் பள்ளம் இருந்தது. அப்பாவுக்கு முகம் சுருங்கிப்போனது. இத்தனை நாளாக முள்ளை வீசியதற்கு மன்னிப்புக் கேட்டார். அதோடு விடாமல் ஆறுதலும் சொன்னார்.

"பள்ளம்னு கவலப்படாதீங்க பாய். பள்ளத்துலதான் நல்ல தண்ணி ஊறும்."

"அதுக்கு இன்னா சார்" என்று பாய் சிரித்தார்.

புறப்படும்போது பாய் அப்பாவை வேன் வரைக்கும் கூட்டிப்போனார். நான் தூரத்திலிருந்து பார்த்தேன். அப்பா முதலில் கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினார். பிறகு அந்தக் கைகள் தொங்கிவிட்டன. ஒரு தடவை மூலைப் பக்கம் திரும்பி, வரிசையை விரலால் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பாய் அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நல்ல சிநேகம் ஆகிவிட்டார்கள் என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீடு திரும்பும்போது அப்பா ஆவடிக்குத் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டு நேரே போய்க்கொண்டிருந்தார். அம்மாதான் தோளைத் தட்டினாள்.

அடுத்த ஞாயிறு வீட்டை மாற்றினோம். வாஸ்து சரியில்லை, அடுப்படி தப்பான மூலையில் விழுகிறது, அதனால் பக்கத்து இடத்துக்குப் போகிறோம் என்று அப்பா சொன்னார். பாய் மாமாவும் சம்மதித்துவிட்டார் என்றார். அம்மா டப்பாவைத் திறந்தாள். ஒரு காலை நேரத்தில், சட்டி பானை எதையும் தூக்காமல், ஒரு முழு வீட்டையே இடம் மாற்றிவிட்ட என் பெற்றோரைப் பார்த்து நான் மலைத்துப்போனேன். வாசலும் ஹாலும் பள்ளத்தின் கரையில் விழுந்தன. என் அறை மட்டும் தண்ணீருக்குள் போய்விட்டது. என் அறையில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது! குவார்ட்டர்ஸில் வேறு எந்தப் பெண்ணின் அறையில் கொக்கு நிற்கிறது? அன்று முழுவதும் நான் தரையில் நிற்கவில்லை. அப்பா கரையில் உட்கார்ந்து, தான் வீசிய முள்ளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பள்ளத்திலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். பள்ளத்தில்தான் நல்ல தண்ணீர் ஊறும் என்று அவரிடம் நான் சொன்னேன். ஆமாம் பாப்பா என்றார்.

தென்னையை மட்டும் மாற்ற முடியவில்லை. அதற்காக நான் அழுதேன். பாய் மாமா சொல்லி அனுப்பியிருந்தார்: மரம் எங்களுடையதுதான், எப்போது வேண்டுமானாலும் வந்து தண்ணீர் ஊற்றலாம். ஊற்றினோம். சில வருடம் கழித்து அவர்கள் வீடு கட்டத் தொடங்கியபோது கடைக்கால் தோண்டிய மண்ணையெல்லாம் எங்கள் பள்ளத்தில் கொட்டினார்கள். மண்ணை எங்கே கொட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, நாம் இடம் கொடுத்து உதவினோம் என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தேன்.

இப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் வயதில் அப்பா கனவில்கூடக் காணாத சம்பளம். சொத்து சேர்க்க வேண்டும், நன்றாக வாழ வேண்டும் என்று அலுவலகத்தில் எல்லாரும் பேசுகிறார்கள், நானும் பேசுகிறேன். போன மாதம் அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கலாமென்று போனேன். இன்னும் கட்டவே தொடங்கவில்லை. விற்பனைக்கு இருந்த பையன் கணினித் திரையில் வீட்டைச் சுற்றிக் காட்டினான். ஹாலிலிருந்து அடுக்களைக்குச் சுவரை ஊடுருவிக்கொண்டு போனான். எனக்குச் சுருக்கென்றது. வாசல் வழியாகப் போங்கள் தம்பி என்று சொல்லிவிட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

அப்பாவும் அம்மாவும் இப்போது இருக்கிற பாரிவாக்கம் வீட்டுக்குப் போனபோது இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, அப்பா காதுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள். அவர் பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து எங்கள் பக்கம் விழுந்த மட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் சொன்னாள். அந்த வரிசையின் மூலை இடம் பூங்காவுக்கு விட்டது, அது மனைக் கணக்கிலேயே வராது. தொழிற்சாலையில் மயிரிழை பிசகாமல் இரும்பு கடைகிற அப்பா அதையும் சேர்த்து எண்ணிவிட்டார். நாங்கள் வருடக்கணக்கில் குடியிருந்தது பாயின் மனையில். சிரித்துக்கொண்டே முள்ளை வீசியது எங்கள் மனையில். அன்றைக்கு அவர்கள் இருவரும் தங்கள் முதல் சொத்தில், முதல் தடவையாக, பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிடத்தான் தூக்கோடு வந்திருந்தார்கள்.

"வேன்கிட்ட வச்சு அவர் அப்பாட்ட ரெண்டே விஷயந்தான் கேட்டுக்கிட்டார்" என்றாள் அம்மா. "அவசரம் ஒண்ணும் இல்ல, மெதுவா மாத்திக்கோங்க. கொழந்தைக்குத் தெரிய வேணாம்."

எவ்வளவு சேர்த்தால் ஒரு மனிதனுக்கு இப்படி நடந்துகொள்ள வரும் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. அவரிடம் அப்போது அந்த ஒரு மனைதான் இருந்தது.

அப்போதுதான் எங்கள் புதுமனை புகுவிழா நினைவுக்கு வந்தது. எனக்குப் பதினாறு வயதிருக்கும். பாய் மாமா இரண்டு தோளிலும் இலவம் பஞ்சுத் தலையணைகளைச் சுமந்துகொண்டு வந்தார். மாவிலைத் தோரணமும் வாழைமரமும் கட்டிய வாசல் அவர் கண்ணெதிரே இருந்தது. அவர் தெருவில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"வாசல் எந்தப் பக்கம் கீது சார்?"

வந்திருந்த எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. படியிறங்கிப் போய், தலையணைகளை வாங்கக்கூடத் தோன்றாமல், அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, வாசல் வழியாக உள்ளே கூட்டி வந்தார். காலையிலிருந்து ஓடியாடிய களைப்பில் அப்பாவுக்கு ஒரு வேடிக்கைகூடப் புரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.