ரேடியோ விற்ற மண்கரண்டி

அந்த இரும்புக் கடையில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது என்பதே சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் நினைவிருக்கும். மற்ற எல்லோருக்கும் அவள் ரேடியோ. முதலாளி வைத்த பெயர் அது. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று சாயங்காலமே அவர் காதைக் குடைந்துகொண்டு, "ஏம்மா, இந்த ரேடியோவை அணைக்கிற திருகு எங்க இருக்கு?" என்று கேட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அது கிடையாது சார். எடுக்கறப்பவே பாத்து எடுத்திருக்கணும்" என்றாள். கடை முழுக்கச் சிரித்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன்னால் அவள் செருப்புக் கடையில் இருந்தாள். அதற்கும் முன்னால் பீங்கான் சாமான் கடையில். எதை விற்றாலும், பிறந்ததிலிருந்து தானே அதைப் பயன்படுத்தி வருவதுபோலப் பேசுவது அவளுக்குக் கை வந்த கலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடுகிற பூட்ஸைக் காட்டிக்கூட, "நானும் இதைத்தான் போடறேன்" என்று கூசாமல் சொல்லிவிடுவாள். பொய் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. வாங்குகிறவர்கள் சந்தோஷமாகப் போகிறார்கள், அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்பதுதான் அவள் எண்ணம்.

இரும்புக் கடையில் அவளுக்குக் கிடைத்தது தோட்டப் பகுதி. கண்ணாடிக் கதவை ஒட்டி, நல்ல வெளிச்சத்தில் இருந்தது. பச்சைக் கைப்பிடி போட்ட மண்கரண்டிகள், மூன்று பல் கொத்துகள், கிளை வெட்டும் கத்தரிகள், பூவாளிகள், முழங்காலுக்கு வைத்துக்கொள்ளும் மெத்தைகள், மண்ணில் குத்தினால் ஈரத்தைக் காட்டும் ஒரு முள்கருவி என்று எல்லாம் அட்டைகளில் தொங்கின. அட்டைகளின் பின்பக்கம் எழுதியிருந்ததை எல்லாம் அவள் இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். மற்றபடி அவள் குடியிருந்தது மூன்றாவது மாடியில். பால்கனியில் துணி காயப்போட இடம் இருந்ததே பெரிய விஷயம். ஒரு கற்றாழையைக்கூட அவள் உயிரோடு வைத்திருந்ததில்லை.

தபால்காரர் ஒருவர் ஒருநாள் அந்தப் பகுதிக்கு வந்து நின்றார். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தாலும் பை தொங்கிய தோள் இன்னும் சரிந்தே இருந்தது. ஒவ்வொரு அட்டையாக எடுத்து, விலாசம் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார்.

"என்ன சார் வேணும்? பெரிய தோட்டமா, சின்னதா?"

"தோட்டமே இல்லம்மா. இனிமேதான் போடணும். சீக்கிரம் பூக்கணும்."

பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அவருடைய மனைவி தையல்காரி. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. எழுந்து நடக்கச் சொல்லிவிட்டார்கள். அவள்தான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். இப்படியே இன்னும் இரண்டு மாதம் படுத்திருந்தால் கால் அப்படியே இறுகிப் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"ஜன்னல் பக்கமா கட்டிலைப் போட்டிருக்கேன். பின்னாடி வெறும் கட்டாந்தரை, அப்புறம் சுவரு. 'எந்திரிச்சு எங்க போகணும், அந்தச் சுவத்தைப் பாக்கவா?'ன்னு கேக்கறா. நாலு பூ இருந்தா கிட்டப் போய்ப் பாக்கணும்னு தோணும் இல்லையா?"

ரேடியோவுக்கு மனசு இளகிப் போனது. அது நிஜம். ஆனால் மனசு இளகினாலும் வாய் தன் வேலையை நிறுத்தவில்லை. "கவலையே படாதீங்க சார். எங்க வீட்டுத் தோட்டத்துல நான் எதை விட்டாலும் இந்தக் கரண்டியை விடமாட்டேன். இது ஒண்ணு போதும், மண்ணு வெண்ணெயாட்டம் வரும்" என்று ஆரம்பித்தவள், கரண்டியோடு கொத்து, ஈரம் பார்க்கும் முள், மெத்தை, கையுறை, இன்னும் முளைக்கவே முளைக்காத செடிகளை வெட்டிவிடக் கத்தரி என்று எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டி அனுப்பினாள். அவர் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் அவர் திரும்பி வந்தபோது கையில் அந்தக் கரண்டி மட்டும் இருந்தது. நடுவில் மடங்கி, வாத்துக் கழுத்து மாதிரி ஆகியிருந்தது. ரேடியோ, மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று புது அட்டையை எடுக்கப் போனாள்.

"கரண்டி மேல குத்தமில்லம்மா. என் கைதான் சரியில்ல போல. விதை முளைக்குது, ஒரு விரல் உசரம் வருது, காஞ்சு போயிடுது. தண்ணி ஊத்தினா நிக்கவே மாட்டேங்குது, எங்கயோ போயிடுது." கொஞ்சம் தயங்கினார். "நீ எப்படிப் பிடிச்சுத் தோண்டறேன்னு பாத்தா எனக்குப் புரியும். உங்க தோட்டத்துக்கு ஒரு தடவை வரட்டுமா?"

அவள் யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "வீட்டுல பெயிண்ட் அடிக்கிறாங்க சார். அடுத்த மாசம் வாங்களேன்."

"சரிம்மா" என்றார். போகிறபோது, குறையாகச் சொல்லாமல் சும்மா சொல்வதுபோலச் சொன்னார்: "அவ இப்பல்லாம் ஜன்னலைச் சாத்தச் சொல்லிட்டா. காஞ்ச செடியைப் பாக்கப் பிடிக்கலையாம்."

அன்று சாயங்காலம்வரை ரேடியோ பாடவில்லை. முதலாளியே வந்து, "என்னம்மா, கரண்ட் இல்லையா?" என்று கேட்டுப் பார்த்தார். அவள் மடங்கிப் போன கரண்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அவளுடைய கணவன் கொத்தனார். அவள் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "தோட்டமா? உனக்கா? நம்ம பால்கனில ரெண்டு சட்டை காய்ஞ்சாலே நெரிசல்!" பிறகு கரண்டியை வாங்கிப் பார்த்தான். நுனியில் வெள்ளையாக எதுவோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினான். சிரிப்பு நின்றது.

"அவரு வீடு எங்க இருக்கு?"

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, வரிசை வீடுன்னு சொன்னாரு."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். அவள் விடவில்லை. குடைந்து குடைந்து கேட்டதும் சொன்னான். "அந்த வரிசை நாங்க கட்டினது. வேலை முடியறப்ப உடைஞ்ச கல்லு, கெட்டியாப் போன சிமெண்டு மூட்டை, ஓட்டுத் துண்டு எல்லாம் மலையாக் கிடந்துச்சு. லாரி வெச்சு ஏத்த யாருக்கும் மனசு வரல. பின்பக்கம் தள்ளி மேல ஒரு சாண் மண்ணைப் போட்டு மூடிட்டோம். யாரு தோண்டிப் பாக்கப் போறாங்கன்னு..."

"மூடினது யாரு?"

"நாலு பேரு."

"அதுல நீங்க?"

"நானும்தான்."

ரேடியோ அவனையே பார்த்தாள். "நீங்க மண்ணால பூசி மெழுகினீங்க, நான் வாயால பூசி மெழுகினேன். என்ன ஒரு ஜோடிப் பொருத்தம்!" என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த சண்டையில் யார் யாரைத் திட்டினார்கள் என்றே சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் தங்கள் மேலேதான் கோபம்.

அடுத்த விடுமுறை நாளில் இரண்டு பேரும் தபால்காரர் வீட்டு வாசலில் நின்றார்கள். கொத்தனார் தோளில் கடப்பாரை, கையில் மண்வெட்டி. ரேடியோ தலையில் சாந்துச் சட்டி, கை இடுக்கில் மணல் சலிக்கிற சல்லடை. இதில் ஒன்றுகூட அவளுடைய பகுதியில் தொங்குவதில்லை. எல்லாம் கடையின் பின்கோடியில் கட்டிட வேலைக்காரர்களுக்கு என்று கிடப்பவை. பூச்செடி கேட்டு வருகிற ஒருவரை அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

கதவைத் திறந்தவரிடம் அவள் மூச்சு விடாமல் சொல்லிவிட்டாள். "சார், எனக்குத் தோட்டமே கிடையாது. ஒரு செடிகூடக் கிடையாது. அட்டையில எழுதியிருந்ததைத்தான் சொன்னேன். மன்னிச்சுடுங்க."

தபால்காரர் முகம் சுருங்கியது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு வாசலில் பணிவாக நின்றே பழகிய மனிதர். அவருக்கும் கோபம் வரும் என்பதை அன்றுதான் அந்தத் தெரு பார்த்தது. "நான் விளையாட்டுக்கு வாங்கலம்மா. என் பொண்டாட்டியோட காலும்மா அது! தினமும் அவகிட்ட இன்னும் ரெண்டு நாள், இன்னும் ரெண்டு நாள்னு சொல்லிட்டு நிக்கறேன். உன் பேச்சை நம்பி!" கதவைச் சாத்தப் போனார்.

ரேடியோ தலையிலிருந்த சட்டியை இறக்காமல் அப்படியே நின்று அழுதாள்.

கொத்தனார்தான் குறுக்கே வந்தான். "அண்ணே, அவ சொன்னது பொய்யி, நான் பண்ணது அதைவிட மோசம். உங்க வீட்டுப் பின்னாடி குப்பையைப் புதைச்சவன் நான்தான். திட்டுங்க, உள்ள வந்து வாங்கிக்கறோம். ஆனா வேலை நடக்கறப்ப திட்டுங்க."

அவர் திட்டவில்லை. பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

முதல் குத்திலேயே கடப்பாரை 'ணங்' என்றது. ஒரு சாணுக்குக் கீழே மண்ணே இல்லை. இறுகிப் போன சிமெண்டு மூட்டை ஒன்று, மூட்டையின் மடிப்புகூடக் கலையாமல், கல் தலையணை மாதிரி கிடந்தது. தபால்காரர் அதைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். "இது மேலயா நான் விதை போட்டேன்!" என்று அவரே சிரித்துவிட்டார். அதற்கப்புறம்தான் ரேடியோவுக்கு மூச்சு வந்தது.

கொத்தனார் பெயர்த்தான், தபால்காரர் மண்வெட்டியால் வழித்துப் போட்டார், ரேடியோ சல்லடையில் போட்டு ஆட்டினாள். அவள் விற்ற சாமான்களில் அன்று உதவியது கையுறை ஒன்றுதான். ஈரம் பார்க்கும் முள்ளைத் தொடக்கூட ஆளில்லை. விரலை விட்டாலே தெரிந்தது. சல்லடையின் இந்தப் பக்கம் ஓட்டுத் துண்டும் செங்கல்லும் தங்க, அந்தப் பக்கம் மண் பொலபொலவென்று விழுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அலுக்கவில்லை. உள்ளங்கையில் அள்ளி மோந்து பார்த்தாள். எத்தனை நாள் இதைப் பற்றிப் பேசியிருக்கிறோம், இதுதானா அது என்று நினைத்துக்கொண்டாள். இன்றைக்கும் கடைக்கு வந்து யாராவது எந்தக் கருவி முதலில் வாங்கலாம் என்று கேட்டால், "மொதல்ல மண்ணுல ஒரு கம்பியை வெச்சுக் குத்திப் பாத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுகிறாள். முதலாளிக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் போனவர்கள் திரும்பி வருகிறார்கள்.

சத்தம் தாங்காமல் அன்று மதியம் உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னங்க அது? வீட்டை இடிக்கிறாங்களா?"

"இல்லம்மா, தோண்டறோம்!"

"ஜன்னலைத் திறங்க, பாக்கறேன்."

திறந்தார்கள். அவ்வளவுதான். தையல்காரியம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடி குறை சொல்ல ஆரம்பித்தாள். மண்ணை இந்தப் பக்கம் குவிக்காதே, அந்தக் கல்லை ஏன் அங்கே போட்டாய், அந்தப் பெண்ணுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்களா. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தவள். ஒரு கோடு கோணலாகப் போனால் அவளுக்குப் பொறுக்காது. ரேடியோ, "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிக்கொண்டே வேலை செய்தாள். சொல்கிற இடத்தில் இருந்தவளுக்குக் கேட்கிற இடம் புதிதாக இருந்தது.

மறுவாரமும் போனார்கள். அதற்கு அடுத்த வாரமும். அதற்குள் தையல்காரியம்மாவும் அவளை ரேடியோ என்றே கூப்பிடத் தொடங்கியிருந்தாள். ஜன்னலுக்கு நேரே இருந்த இடம் முழுக்க நல்ல மண்ணாகிவிட்டது. நாற்றும் வாங்கி வைத்தாகிவிட்டது. இலைகள் மட்டும்தான், ஒரு மொட்டுகூட இல்லை. டாக்டர் கொடுத்த கெடு முடியப் போகிறது. கட்டிலில் உட்கார்ந்தே அதிகாரம் செய்கிறாளே தவிர மனைவி காலைக் கீழே வைக்கவில்லை. தபால்காரர் நாற்றுகளின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "பூத்துடு, சாமி, சீக்கிரம் பூத்துடு" என்று முணுமுணுப்பதை ரேடியோ பார்த்தாள். ஆறுதலாக ஏதாவது அளந்து விடலாம் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

அன்று பாக்கி இருந்தது இடது மூலை. ஜன்னலிலிருந்து அது தெரியாது. கொடி ஒன்றைச் சுவரில் ஏற்ற, அங்கே நீளமாக ஒரு குழி வெட்ட வேண்டும். கொத்தனார் கடப்பாரையைப் போட்டான். இரண்டு ஆண்களும் குழி எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று வாக்குவாதத்தில் இறங்கினார்கள்.

"சுவத்தை ஒட்டிப் போகட்டும்யா!"

"அண்ணே, அங்க அஸ்திவாரம் இருக்கு, நான்தானே கட்டினேன்!"

ஜன்னலிலிருந்து தையல்காரியம்மா கூப்பிட்டாள். "எந்தப் பக்கம் வெட்டறீங்க? எனக்குத் தெரியல!" யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். ணங், ணங் என்று கடப்பாரைதான் பதில் சொன்னது. "ரெண்டு பேரும் சேந்து கெடுக்கப் போறீங்க! ஏங்க! ஏ ரேடியோ!"

ரேடியோ சல்லடையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பின்கதவுப் பக்கம் சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினாள்.

பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்காத, ஊன்றி நடக்கிற வாக்கரைப் பிடித்துக்கொண்டு தையல்காரியம்மா நிலைப்படியில் நின்றாள். கால் நடுங்கியது. வியர்த்திருந்தது. ஓடிப் போய்த் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று ரேடியோ எழுந்தாள். தபால்காரர் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அவர் கை மண்ணும் சிமெண்டுமாக இருந்தது. கொத்தனார் தூக்கிய கடப்பாரையைக் கீழே இறக்கவும் மறந்து நின்றான். மூன்று பேரும் அந்த நிலைப்படியையே பார்த்தார்கள்.

"என்னை என்ன பாக்கறீங்க?" என்றாள் அவள். "குழியைப் பாருங்க. எவ்வளவு கோணலா வெட்டியிருக்கீங்க!"