முடியாது என்று சொல்ல ஓர் ஆள்

மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒரு பெண் வந்து எங்கள் அடுப்பைப் படம் எடுத்துக்கொண்டு போகிறாள். பிரிஸ்பேனில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டை ஓனருக்காகப் பார்த்துக்கொள்ளும் ப்ராபர்ட்டி மேனேஜர் அவள். இன்ஸ்பெக்‌ஷன் என்று ஒரு வாரம் முன்பே மெயில் வந்துவிடும். அன்று காலை நானும் மனைவியும் தாளித்த வாசனை போக ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்துவிட்டு, நோட்டைத் திருத்தக் கொடுத்த பள்ளிப் பிள்ளைகளைப் போல ஓரமாக நிற்போம். காப்பி குடிக்கிறாயா என்றால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்பாள். ஒருமுறை அவள் கிளம்பும்போது, மனதில் அரித்துக்கொண்டிருந்த ஒன்றைக் கேட்டுவிட்டேன். இந்த வீட்டு ஓனரின் அக்கா வந்து, ஒரு நாள் தங்கிக்கொள்கிறேன், சாவி கொடு என்றால் நீ என்ன செய்வாய்? அவள் முகம் மாறிவிட்டது. யாராவது வந்தார்களா என்று கேட்டாள். இல்லை இல்லை, சும்மா கேட்டேன் என்றேன். அவள் நம்பவில்லை. மறுநாள் நீளமாக ஒரு மெயில்: ஓனரோ அவருடைய உறவினரோ முன்னறிவிப்பின்றி நுழைய உரிமையில்லை, தொந்தரவு இருந்தால் பயப்படாமல் தெரிவிக்கவும். நான் கேட்டது என் அக்காவைப் பற்றி என்று அவளுக்கு எப்படி விளக்குவது? விளக்கவில்லை. ஆனால் அந்த மெயிலை இரண்டு மூன்று முறை படித்தேன். எனக்கும் இப்படி ஓர் ஆள் வேண்டும் என்று தோன்றியது.

எனக்குத் திருப்பதியில் ஒரு வீடு இருக்கிறது. ரேணிகுண்டா சாலையிலிருந்து சற்று உள்ளே, இரண்டு படுக்கையறை, முன்னால் கொஞ்சம் இடம். திருப்பதியில் வீடு இருப்பவனுக்கு உறவுக்குப் பஞ்சமே வராது என்பது அங்கே வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். நகரி, திருத்தணி, அரக்கோணம், வேலூர் என்று எங்கே யாருக்குத் தரிசன டிக்கெட் கிடைத்தாலும் அடுத்த போன் எங்கள் மாமாவுக்குத்தான். மாமா என்றால் அக்காவின் கணவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று, அக்காவோடு பாகாலாவில் இருக்கிறார். நான் வெளிநாடு கிளம்பும்போது சாவியை அவர் கையில் கொடுத்தேன். வேறு யாருக்குக் கொடுக்க?

மாமா குடிவைக்காமல் இல்லை. நல்ல ஆட்களாகத்தான் பார்த்து வைப்பார். ஆனால் உறவுக்காரர்கள் வந்தால், குடியிருப்பவர்களிடமே போய் ஒரு ராத்திரிக்கு ஹாலைக் கேட்பார். ஒரு நாள் விடிகாலையில் குடியிருந்த ஆசிரியர் எனக்குப் போன் செய்தார். கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது அவர் குரலில். ஹால் முழுக்கச் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள், மகளுக்கு இன்றைக்குப் பரீட்சை, நடந்து போக வழி இல்லை சார் என்றார். மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இன்னாப்பா பண்றது, ஒரு ராத்திரிதான. அவங்க பாட்டுக்கு ஓரமா பட்த்துக்கினு, கார்த்தாலே பஸ் ஏறிப் பூடுவாங்க. வராதீங்கன்னு நான் எந்த வாய்ல சொல்றது?" என்றார்.

ஆசிரியர் காலி செய்துகொண்டு போனார். அவருக்குப் பின் வந்தவர்களும் போனார்கள். பிறகு வீடு பூட்டியே கிடந்தது, மழையில் மேல்தளம் கசிந்து சுவரெல்லாம் பூஞ்சை பிடித்தது. மாமா அனுப்பிய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உங்களில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது புரியும். கடைசியில் போய் இருக்க ஒரு வீடு இருக்கிறது என்ற நினைப்பில்தான் நான் இங்கே காலத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். அது பாழாவதைப் பார்க்கவும் முடியவில்லை, மாமாவிடம் சாவியைத் திருப்பிக் கேட்கவும் நாக்கு எழவில்லை.

கடைசியில் ஆள் தேடத் தொடங்கினேன். திருப்பதியில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவர், குடியெல்லாம் எதற்கு சார், மலைக்கு வருபவர்களுக்கே நாள் வாடகைக்கு விடலாம் என்றார். நான் எதிலிருந்து தப்பிக்கப் பார்த்தேனோ அதையே தொழிலாகச் செய்யலாம் என்கிறார். நண்பன் சொல்லி வடமாலபேட்டையில் இன்னொருவரிடம் பேசினேன். எதைக் கேட்டாலும் சரி, செய்துவிடலாம் என்றார். எல்லாவற்றிற்கும் சரி சொல்கிறவர் எங்கள் உறவிலேயே இருக்கிறார், வெளியாள் எதற்கு? மூன்றாவதாகக் கிடைத்தவர் ரேணிகுண்டாவில் இருக்கும் சுகுணம்மா. கல்லூரி ஹாஸ்டல் வார்டனாக இருந்தவர், இப்போது வெளியூரில் இருப்பவர்களின் வீடுகளைப் பார்த்துக்கொள்கிறார். அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டேன், எங்கள் அக்காவே வந்து சாவி கேட்டால் என்று.

"குடுக்க மாட்டேன் சார். காப்பி வேணா குடுப்பேன்" என்றார்.

அவரையே வைத்துக்கொண்டேன்.

சாவியை வாங்கும் நாளில் சுகுணம்மா முறைப்படி எல்லாம் செய்தார். ஃபேன் எத்தனை, குழாய் எத்தனை என்று பட்டியல் எழுதி, ஒப்படைத்தவர் என்று மாமாவிடம் கையெழுத்து வாங்கினார். மச்சான் வீட்டுச் சாவிக்குக் கையெழுத்துப் போடவேண்டிவரும் என்று மாமா நினைத்திருக்கமாட்டார். எனக்குப் போன் செய்து, "குட்த்துட்டேன்பா. அந்தம்மா நல்லவங்களாத்தான் கீறாங்க" என்று மட்டும் சொன்னார். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அக்கா பேச ஒரு வாரம் ஆயிற்று. "உன் வூடு, உன் சாவி, யாருக்கு வேணா குடு. அந்த மனுசன் ஃபேனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்து குந்திக்கினு கீறாரு, ஒரு வாய் சரியா துன்றதில்ல. வேலைய வுட்டு வந்தப்பறம் அவருக்கு அதாண்டா இருந்துச்சி. ஊர்ப்பட்ட ஜனம் மாமா மாமான்னு போன் பண்ணும். இப்ப யாரு பண்றாங்க?"

சொல்ல இருந்ததெல்லாம் பிரிஸ்பேன் நியாயம், அதை அக்காவிடம் சொல்ல எனக்கே தெம்பு இல்லை. சாவியைத்தான் வாங்கினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வுக்குப் பிறகு மாமாவுக்கு இருந்த ஒரே வேலையையும் மரியாதையையும் சேர்த்து வாங்கிவிட்டேன். வெட்கமாக இருந்தது. சாவியைத் திருப்பிக் கொடுக்கும் மனசும் வரவில்லை.

இந்த முறை ஊருக்குப் போனபோது ரேணிகுண்டா விமான நிலையத்திற்கு மாமாதான் காரோடு வந்திருந்தார். இளைத்திருந்தார். பாகாலா போகிற வழியில், வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன்.

"அந்தம்மா கிட்ட சொன்னியா? மொத நாளே சொல்லணும்ல" என்றார் மாமா. சொல்லவில்லை என்றேன். "அப்ப உள்ள போவ வேணாம். வெளிய நின்னு பாத்துக்கினு போய்டலாம்."

கேட்டுக்கு வெளியே நின்றோம். பூஞ்சை போய், சுவர் வெள்ளையாக இருந்தது. வாசலில் கோலம், கொடியில் பள்ளிச் சீருடை, முன்னால் ஒரு முருங்கைக் கன்று. நான் குடியிருந்த காலத்தில்கூட அந்த வீடு இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. எங்களைப் பார்த்து உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். திண்டுக்கல் பக்கத்துக் குடும்பம், கணவனுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை என்று சுகுணம்மா எழுதியிருந்தார்.

"யாருங்க, யாரைப் பார்க்கணும்?"

நான் வாய் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "யாரையும் இல்லம்மா. ஓனருக்குத் தெரிஞ்சவங்க. இப்டிக்கா போய்க்கினு இருந்தோம், வூட்டப் பாத்தோம்."

எனக்காகத்தான் சொன்னார். நான் வைத்த ஆளின் சட்டத்தை நானே மீறியதாக ஆகிவிடக் கூடாது என்று பார்த்தார்.

அந்தப் பெண் போகவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள். "ஓனர் ஊருக்குத் திரும்பி வந்துருவாருங்களா? பாப்பாவ இங்க ஸ்கூல்ல சேர்த்திருக்கோம். இதோட நாலு ஊரு மாறியாச்சு. அவரு வந்துட்டா காலி பண்ணணுமேன்னு அதான் கேட்டேன்."

மாமா என் முகத்தைப் பார்த்தார். அவரும் இத்தனை வருடமாக என்னிடம் கேட்க நினைத்த கேள்வியாக இருந்திருக்கலாம்.

"இப்பத்திக்கு வரமாட்டாரும்மா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. நன்றிங்க என்று சொல்லிவிட்டு, கேட்டை உள்பக்கமாகத் தாழ் போட்டாள்.