படத்தில் விடுபட்ட இரண்டு ஆண்டுகள்

தேர்வு அறையில் வினாத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஒக்கூர்லருந்து தகவல் வந்திருக்குய்யா. கெமிஸ்ட்ரி அம்மா தவறிட்டாக" என்றார் கல்லூரி உதவியாளர். எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல. இனி என் மாணவர்கள் அவர் அறைக்கு ஓடமாட்டார்கள் என்ற நினைப்பு. தெய்வானையை அறிந்த, இந்த நினைவுமலரைப் படிக்கும் உங்களிடம் அதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவர் ஒக்கூர்த் தச்சர் வீட்டுப் பெண், வேதியியல் விரிவுரையாளர். எனக்குப் புவியியல். அறுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஓராண்டுக்குள் என் பாடத்துச் சந்தேகங்களையும் மாணவர்கள் அவரிடமே கேட்கத் தொடங்கினார்கள்.

மழை பொய்த்த ஒரு வருடம், பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் விவசாயிகளுக்காக ஒரு கூட்டம். நான் என் தந்தை எழுதிவைத்த மழைக்குறிப்புகளைப் படமாக வரைந்து எடுத்துப்போயிருந்தேன். ஆலைப் புகையால் மழை கெடவில்லை, கரி எரிக்க ஆளில்லாத காலத்திலேயே பூமி உறைந்தும் உருகியும் இருக்கிறது, சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன, மழையும் அப்படித்தான், வரும் ஆண்டு நன்றாகப் பெய்யும் என்றேன்.

தெய்வானை எழுந்தார். சுழற்சி உண்மைதான், ஆனால் ஆலைப் புகையில் சேரும் கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைப்பதும் உண்மை, எது எவ்வளவு என்று இன்னும் யாருக்கும் திட்டமாகத் தெரியாது என்றார்.

"அதெல்லாம் இருக்கட்டும் தாயி, மழை வருமா?" என்றார் ஒரு பெரியவர்.

"தெரியலைய்யா. தெரிஞ்ச மாதிரி நான் சொன்னா, நம்பி விதைச்சுப்புடுவீக."

தெரியாது என்றவருக்குக் கூட்டமே கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது.

திரும்பும் பேருந்தில் அவர் மெதுவாகக் கேட்டார்: "சார், உங்க படத்துல ரெண்டு வருசத்தைக் காணமே?"

சுழற்சிக்கு ஒத்துவராத ஆண்டுகள் அவை. நான்தான் விட்டிருந்தேன். "சபையிலயே கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"நீங்களே சேத்துருவீகன்னு நெனச்சேன்."

அவர் என்னை அவமானப்படுத்தியிருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். அந்தப் பெருந்தன்மையைத்தான் தாங்க முடியவில்லை. நான் சேர்க்கவில்லை.

அடுத்த ஆண்டும் மழை இல்லை. என் பேச்சை நம்பி விதைத்த அதே பெரியவர் கல்லூரிக்கு வந்தார். நான் நூலகத்துக்குள் ஒதுங்கினேன். தெய்வானை அவரை அங்கேயே அழைத்துவந்து, "மழைக் கணக்கு இவுகளுக்குத்தான் தெரியும், கேளுங்க" என்று விட்டுப்போனார்.

"வெதையெல்லாம் கருகிப்போச்சு சார். நீங்க படிச்சவுக, எங்குட்டுத் தப்புச்சு?" கோபமே இல்லாமல் கேட்டார்.

அவர் எதிரிலேயே அந்த இரண்டு ஆண்டுகளையும் வரைந்து காட்டினேன். அழகான அலை உடைந்துபோயிற்று. மன்னிப்புக் கேட்டேன். அவர் அந்த இரண்டு ஆண்டுகளையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

அந்தப் படத்தைத் தெய்வானை தன் ஆய்வகச் சுவரில் ஒட்டி, கீழே என் பெயரை எழுதிவைத்தார்.

இரங்கல் கூட்டத்தில் மாணவர்கள் விம்மி அழுதார்கள். எனக்காக இப்படி யார் அழுவார்கள் என்று அப்போதும் எண்ணினேன். பூமியின் சூடு தானாக ஏறுகிறதா, நாம் ஏற்றுகிறோமா என்பது எனக்கு இன்றும் தெரியாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பொறாமை ஒன்றுதான். ஒத்துவராத எண்ணை மறைக்கக் கை நீளும்போதெல்லாம் அதுதான் என் கையைப் பிடிக்கிறது.