மாத்திரை போட்டது யார்?

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு பல் டாக்டரிடம் நர்ஸாக இருந்தேன். ஒருநாள் பழவேற்காட்டிலிருந்து கன்னியம்மா என்பவர் கணவர் ஏழுமலையோடு வந்தார். கடைவாய்ப்பல் சொத்தை, கன்னம் வீங்கியிருந்தது. முன்பு வேறோர் ஊரில் பல் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போட்டபோது உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, பிழைத்ததே பெரிது என்றார் ஏழுமலை.

இந்த முறை வேறு மருந்து போடலாம், அதற்கும் முன்னால் அலர்ஜி மாத்திரை கொடுத்துவிடலாம் என்றார் டாக்டர். மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒரு மாத்திரை. தூக்கம் வரும், பயப்பட வேண்டாம். பொட்டலத்தை ஏழுமலை கையில் கொடுத்தவள் நான்தான்.

மறுநாள் வந்தார்கள். "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டேன்.

"போட்டாச்சும்மா" என்றார் கன்னியம்மா. கேஸ் ஷீட்டில் டிக் அடித்தேன்.

டாக்டர் சிரிஞ்சில் மருந்தை ஏற்றினார். கன்னியம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி, ட்ரேயில் இருந்த ஒவ்வொரு கருவியையும் காட்டி எதற்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வெளியே குறட்டைச் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஏழுமலை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

டாக்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, மாத்திரையை யார் போட்டது என்று கன்னியம்மாவிடம் கேட்டேன்.

"அவருதான். போன தபா ஊசியிலயே நான் போவ வேண்டியவ. இது இன்னா மாத்திரையோன்னு அவரே துன்னு பாத்துக்கினாரு. ஒண்ணும் ஆவல, நீ தைரியமா வான்னு இட்டுக்கினு வந்தாரு."

டாக்டர் சிரிஞ்சைக் கீழே வைத்தார். என்னைத் திட்டவில்லை.

"டிக் யாருக்கு அடிச்சே?" என்று மட்டும் கேட்டார்.

வேறு மாத்திரை கொடுத்து, விழுங்கியதும் கன்னியம்மாவை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் அவருக்கும் கண் சொக்கியது. ஊசி போட்டார் டாக்டர், பல் வந்தது. தடிப்பு வரவில்லை. ஆனாலும் சாயங்காலம் வரை உட்கார வைத்துத்தான் அனுப்பினோம். நானே பஸ் ஏற்றிவிட்டு, இரண்டு பேரையும் பழவேற்காட்டில் எழுப்பி இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் சொன்னேன்.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோயாளியிடம் 'போட்டாச்சா' என்று கேட்காதீர்கள். அந்தச் சொல்லில் ஆள் கிடையாது. 'நீங்க போட்டீங்களா' என்று கேளுங்கள்.